ஐந்தாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயம்

மகனே,

உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ‘உப்புத்தேசம்’ ஐந்தாம் புத்தகத்தைப் போட்டுக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். முந்நூறு பிரதிகள். ஏழு புத்தகங்கள் உள்ள வரிசையில் தேடித் தேடி அந்த ஐந்தாவதைப் பிடித்திருக்கிறாய். தேங்காய் என்றால் வாங்கிப்போனவர்கள் உடைத்துச் சட்னியாவது அரைப்பார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கலாம். அறுநூறு பக்கம் இருப்பதால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். வேறெந்த வேலையையும் அது ஒழுங்காகச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதை நான் தமிழில் எழுதுகிறேன். பஸ் போர்டைத் தாண்டி உன்னால் தமிழ் வாசிக்க முடியாது என்று தெரியும். அதற்குக் காரணமும் நான்தான், அதைப் பிறகு சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எப்படிப்பட்டவன் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் காதாலேயே கேட்டீர்கள். காகிதத்தில் எழுதிவிட்டால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது. நீ கட்டிக்கொள்ளப் போகிற சுகந்தி இதை உனக்கு வாசித்துக் காட்டட்டும். அவள்தான் வாசிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் புத்தகத்தைத் திட்டி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. நான் இந்த வரிசையின் ரசிகன். முதல் நான்கு புத்தகங்களும் அட்டை பிய்ந்து, நூல் தொங்கும் வரைக்கும் படித்தவன். பிடிக்காத ஆள் மோசமாக எழுதினால் நமக்கென்ன போயிற்று, பிடித்த ஆள் எழுதினால்தான் வயிறு எரிகிறது. சுகந்தி ஐந்தாவதை மட்டும்தான் படித்திருக்கிறாள் என்பதால் முன்கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உவர்மன்னன் என்கிறவன் ஊர் ஊராகக் கிணறுகளைக் கரிக்கவைத்து உப்புத்தேசத்தை ஆள்கிறான். அலையன் என்ற படகோட்டிப் பையன் அவனை எதிர்த்துக் கிளம்புகிறான். மூன்றாம் புத்தகத்தில் அலையனின் அம்மாவைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. நான்காம் புத்தகத்தின் முடிவில் ஒரு கிழவன் வந்து, ஏழு கரைகளின் உப்பைச் சேர்த்து அவள் மூழ்கிய இடத்தில் தூவினால் அவள் எழுந்து வருவாள் என்கிறான். அந்த உப்பைச் சேர்க்கிற கதைதான் ஐந்தாம் புத்தகம்.

நான்கு புத்தகங்களாக உவர்மன்னனை நாம் பார்த்ததே இல்லை. அவன் வந்துபோன கிணற்றைத்தான் பார்த்தோம். அதனாலேயே பயமாக இருந்தது. ஐந்தாவதில் அவன் நேரில் வருகிறான், வந்ததிலிருந்து வாயை மூடுவதில்லை. சண்டைக்கு முன்னால் பதினோரு பக்கம் தன் சின்ன வயதுக் கஷ்டத்தைச் சொல்கிறான். தொகுதித் தேர்தலில் நிற்கிறவர்கள்கூட இதைவிடச் சுருக்கமாகப் பேசுவார்கள். பிறகு வழுக்கி விழுந்து செத்துப்போகிறான். விருந்துகளுக்கு மட்டும் எண்பது பக்கம். என்னென்ன பலகாரம், எந்தத் தட்டில், யார் எழுந்து கை கழுவினார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. படகு விஷயத்தைப் பேசவே வேண்டாம். நோணாங்குப்பத்தில் இருபத்தாறு வருஷம் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு உப்பங்கழியில் படகு ஓட்டியவன் நான். கடல் வற்றி, நீர் வெளியே இழுக்கிற நேரத்தில் முகத்துவாரத்துக்குள்ளே தனி ஆளாகத் துடுப்புப் போட்டு எதிர்த்து வருகிறானாம் அலையன், ஒரு கையில் அடிபட்ட நாயை வேறு பிடித்துக்கொண்டு. அதே பத்தியில் பாயும் விரிந்திருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அந்த எழுத்தாளனைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசி அத்தியாயத்தில் அந்த அம்மா திரும்பி வருகிறாள்.

ஆமாம், வருகிறாள். இந்த இடத்தில் நீ சுகந்தியை நிறுத்தச் சொல்லியிருப்பாய். நிறுத்த வேண்டாம் சுகந்தி, மேலே வாசி.

ஏழு கரை உப்பைத் தூவுகிறான், தண்ணீர் பிளக்கிறது, அவள் இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, கண்ணு, வந்துட்டேன் என்கிறாள். படம் வேறு போட்டிருக்கிறார்கள். இரண்டு புத்தகத்துக்கு முன்னால் கடலுக்கடியில் போனவள், தலையில் மல்லிகைப்பூ வாடாமல், காதில் தோடு கழலாமல் நிற்கிறாள். ஒரு பக்கம் அழுகிறார்கள். அடுத்த பக்கம் மறுபடியும் விருந்து. செத்துப்போனவளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பிடி உப்பு போதும் என்றால், அந்தத் தேசத்தில் இனி எவன் செத்தால் யாருக்கு என்ன. மூன்றாம் புத்தகத்தில் அவள் போகிற இடத்தை ஒரே ஒரு வரியில் எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் நீ கேட்ட முடிவு இது இல்லை. நீ கேட்டது நான் சொன்னது.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, இரண்டாம் மொழியாகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று தெருவே சொன்னது. நாளைக்கே பாரிசுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல் நானும் தலையாட்டினேன். தான் வேலை பார்த்த மில் மூடியதும் நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உன் அம்மா மட்டும்தான் கேட்டாள். “அப்போ நாளைக்கு நான் ஒரு சீட்டு எழுதி வச்சிட்டுப் போனா இவன் எப்பிடிப் படிப்பான்?” என்றாள். “நீ எங்க போற?” என்றேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். இன்றைக்கு நீ சென்னையில் கம்பெனிக்காரனிடம் பிரெஞ்சில் பேசிச் சம்பாதிக்கிறாய், சந்தோஷம். ஆனால் உன் தாய்மொழியில் ஒரு கதை கேட்க வேண்டும் என்றால் உனக்கு நான் ஒருத்தன்தான் வழி என்று ஆக்கிவைத்தேன். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உப்புத்தேசம் ஒவ்வொரு புத்தகமாகப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன், நீ கேட்பாய், அவள் துணி மடித்துக்கொண்டே நையாண்டி செய்வாள். புத்தகத்தை வைத்து எழுதியவனைத் திட்டுகிற பழக்கம் எனக்கு அவளிடமிருந்து வந்ததுதான். அலையனின் அம்மா மூழ்குகிற இடத்தை வாசித்தபோது நீ தேம்பினாய். உன் அம்மா சட்டையை உதறிக்கொண்டே, “அம்மாவைக் கொன்னாத்தான் இவனுங்களுக்குக் கதை நகரும். அப்பனைக் கொல்றதுதானே?” என்றாள். நீ அழுகையை விட்டுச் சிரித்துவிட்டாய்.

அந்த வருஷமே காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உனக்கு ஒன்பது வயது. அஸ்தியை என் படகிலேயே கொண்டுபோய் முகத்துவாரத்தில் கரைத்தோம். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. பேச்சுக்குப் பதிலாக நான்காம் புத்தகத்தை எடுத்தேன். முன்கூட்டி நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தக் கிழவன் ஏழு கரை உப்பைப் பற்றிச் சொல்கிற கடைசிப் பக்கத்தை உன் முகத்தைப் பார்க்காமலே வாசித்து முடித்துவிட்டு, டீ போடப் போனேன்.

மூன்று மாதம் கழித்து உன் பள்ளிக்கூடப் பையில் ஒரு ஜாம் பாட்டில் கிடைத்தது. உள்ளே பாதி மணல், பாதி பழுப்பாக என்னவோ.

“இது என்னாடா?”

“உப்பு.”

“எந்த உப்பு?”

“குருசுக்குப்பத்து உப்பு, வீராம்பட்டினத்து உப்பு, எல்லாம் இருக்கு. அஞ்சு கரை ஆச்சு. இன்னும் ரெண்டுதான் பாக்கி. கடலூருக்கு எப்போ போலாம்பா?”

நான் உன்னை அடிக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. “போலாம்” என்றேன். ஒரு தகப்பன் சொல்லக்கூடிய பதில்களிலேயே கேவலமான பதில் அதுதான். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனேன், போகிற வழியில் ஒன்றும் அங்கே ஒன்றுமாக ஏழு கரையும் ஆயிற்று. சில்வர் பீச்சில் நீ பாறை இடுக்கில் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாய், நான் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் புயல் எச்சரிக்கை, படகெல்லாம் கட்டிப்போட்டிருந்தார்கள். அப்போதுதான் ஐந்தாம் புத்தகத்தைக் கட்டிய படகில் உட்கார்ந்து முதல்முறையாகத் தனியாகப் படித்தேன். கடைசி அத்தியாயம் வந்தது. தண்ணீர் பிளந்தது, மல்லிகைப்பூவோடு அவள் எழுந்தாள். அந்த எழுத்தாளன் எதிரே இருந்திருந்தால் கழியில் தள்ளியிருப்பேன். பாட்டிலோடு ஒரு பிள்ளை எங்கேயோ காத்துக்கொண்டிருக்கும் என்று எழுதுகிறவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றாதா. இதை நான் உனக்கு வாசித்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். படகை எடுக்கச் சொல்வாய். முகத்துவாரத்தில் பாட்டிலைக் கவிழ்ப்பாய். பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதற்குப் பிறகு உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். அந்தப் படம் இருந்த தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அதே படகில் உன்னை உட்கார வைத்து வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் பக்கங்களைச் சரியான நேரத்தில் புரட்டினேன், கண்ணை எழுத்தின் மேலேயே ஓட்டினேன். அலையன் உப்பைத் தூவினான், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் காத்திருந்தான். கடல் கடலாகவே கிடந்தது. நாலாம் நாள் பசித்தது. கரையேறி அடுப்பு மூட்டி மீன் குழம்பு வைத்தான். கையில் மிச்சமிருந்த ஏழு கரை உப்பை அதில் போட்டுச் சாப்பிட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டான், ஆனால் ருசியாக இருந்தது. பிறகு படகைத் தன் ஊர்ப் பக்கம் திருப்பினான். முற்றும்.

“அப்போ அவங்க அம்மா வரமாட்டாங்களா?” என்றாய்.

“வரமாட்டாங்க.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

அதுவரை நான் உன்னிடம் சொல்லாததை அப்படித்தான் சொன்னேன், ஒரு புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. வீட்டுக்கு வந்ததும் நீ பாட்டிலை எடுத்து வந்து அடுப்பு மேடையில் வைத்து, “கொழம்புல போடுப்பா” என்றாய். உன் அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் நீ என் எதிரில் அழுதாய். அன்றைய குழம்பு முழுக்க மணல். நறநறவென்று மென்று முழுவதையும் சாப்பிட்டோம்.

இது வரைக்கும் கேட்டால் நான் ஏதோ நல்ல தகப்பன்போல் தெரியும். அதனால் மீதியையும் கேள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பெரிய எழுத்தாளன் அறுநூறு பக்கம் எழுதிக் கெடுத்ததை, எட்டாவது ஃபெயில் ஆனவன் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன் என்று படகுத்துறையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஒரு பொய் அதோடு நிற்குமா. ஆறாம் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அலையனின் அம்மாதான் நிற்கிறாள், குத்துக்கல்லாட்டம். என்ன செய்வது. அவளுக்கு எழுதிய வசனத்தையெல்லாம் அலையனின் அத்தைக்குக் கொடுத்தேன். மூலத்தில் அந்த அத்தை வெற்றிலை போடுவதைத் தவிர ஒன்றும் செய்யாதவள். ஏழாவதில் மகனுக்கு அம்மாதான் முடிசூட்டுகிறாள். அத்தை எப்படிச் சூட்டலாம் என்று நீ கேட்டாய். அந்தத் தேசத்து வழக்கம் என்றேன். அத்தை சொன்னதாக நீ இன்றைக்கும் எடுத்துவிடுகிற வரிகள் ஒன்றுகூட அத்தை சொன்னதில்லை. உனக்கு இருபது வயதானபோது சொல்லியிருக்கலாம். இருபத்தைந்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் நீ, ஐந்தாவது புத்தகம் மாதிரி வராதுப்பா என்பாய். என் காது குளிர்ந்துவிடும், வாய் அடைத்துக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் என்ன புத்தகம் என்று பார்க்கலாமே என்று சுகந்தி ஒரு பிரதி வாங்கிப் படித்திருக்கிறாள். நியாயமான பெண். அந்த அம்மா திரும்பி வருகிற இடம் தனக்குப் பிடித்திருந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வரவே மாட்டாள், கதையின் உயிரே அதுதான் என்று நீ சொல்லியிருக்கிறாய். வார்த்தை தடித்து, நீ எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய்.

“அப்பா, நீயே சொல்லு. அவன் அம்மா திரும்பி வர்றாங்களா?”

“புக்கு கையிலதான் இருக்கு மாமா” என்றாள் அவள். “படமே போட்டிருக்காங்க.”

நான் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குக் கிடைத்தது, அதை வீணடித்தேன். “அது வேற யாராவது பொம்பளையா இருக்கும்மா. நீ அவசரமாப் படிச்சிருப்ப” என்றேன்.

“பாத்தியா?” என்றாய் நீ. உன் குரலில் இருந்த இளக்காரத்தை நான் கேட்டேன். எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருகிற குரல் அது. புத்தகத்தின் மேல் அதைக் காட்டலாம். வீட்டுக்கு வரப் போகிறவள்மேல் காட்டக் கூடாது.

அதற்கு அவள் சொன்னாள்: “சரிங்க மாமா. நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன்.” புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாள்.

உனக்கு வலிக்கும் என்று நான் போனில் பொய் சொல்லவில்லை. ஒன்பது வயதில் சொன்னதற்கு அந்தச் சாக்கு உண்டு, அதுவும் பாதிச் சாக்குதான், மீதிப் பாதி என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை என்பது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சாக்கும் கிடையாது. என் முடிவை நீ புகழ்ந்துகொண்டிருந்தாய், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. உன்னால் படித்துச் சரிபார்க்க முடியாது என்கிற தைரியத்தில், படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைப் படிக்கத் தெரியாதவள் ஆக்கினேன். அந்த எழுத்தாளனைப் பதினெட்டு வருஷமாகக் காறித் துப்புகிறேனே, அவன் செய்ததாவது கற்பனை.

அந்தப் புத்தகத்தைக் கல்யாணத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். என் அபிப்பிராயம் மாறவில்லை, அது குப்பை. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றாவதைக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நான் கிழித்த தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். பிறகு அந்தக் கடைசி அத்தியாயத்தை அவள் உனக்கு வாசிக்கட்டும். முதல் வரியிலிருந்து, விருந்து வரைக்கும். அலையனின் அம்மா தண்ணீரிலிருந்து எழுந்து வருகிற இடத்தில் எழுந்து போகாதே, நான் தாளைக் கிழித்துத் தப்பியதுபோல். அந்தக் காட்சி பொய்தான். அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்துகொண்டு கேட்கிற வயசு உனக்கு எப்போதோ வந்துவிட்டது. நான்தான் கவனிக்கவில்லை.

சுகந்தி, உன் வாயாலேயே உன்னைப் பற்றி இவ்வளவு வாசிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள். நீ சரியாகத்தான் படித்தாய் அம்மா. ஒரு எழுத்துக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. நடுவில் எந்த வரியையாவது இவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றோ, மாமாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றோ நீ தாண்டி வந்திருந்தால், திரும்பப் போய் அதையும் வாசித்துவிடு. இந்த வீட்டில் ஒருத்தர் அந்த வேலையைச் செய்தது போதும்.

மகனே, அவள் வாசித்ததுதான் இதில் எழுதியிருக்கிறதா என்று உன்னால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதும் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி சொல்கிறவள் அவள். போன ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவள் வாயை மூடியது அதற்காகத்தான்.

உன் அப்பா